பக்கீர் ஹாஜியார் கடைக் கறுப்பு ஜன்னல்

ஓட்டமாவடிப் பாலத்தைத் தாண்டி வந்தால் பிரதான வீதியில் இடதுகைப் பக்கம் மூன்றாவது கடை பக்கீர் ஹாஜியாருடையது. முன்பக்கத்தில் போட்டோக்கொப்பி, போன் ரீலோட், கடித உறை, முத்திரை. பின்பக்கத்தில் ஒரு கணினி, ஒரு பிரின்டர், வந்தவர்கள் இருக்க ஒரு நீள வாங்கு, பிறகு நான், ஊருக்கு அண்ணன் முறையில் இப்றாஹிம் காக்கா. இருபத்தாறு வருடமாக அங்கேயிருந்து மற்றவர்களுக்காக எழுதிக்கொண்டிருக்கிறேன். முதலில் பேனை, பிறகு தட்டச்சு, இப்போது இணையப் படிவம்.

வாவிக்கு அக்கரையில் பல வீடுகளுக்குத் தபால்காரர் போவதில்லை. அந்த வீட்டுக்காரர்கள் எங்கள் கடையையே தங்கள் விலாசமாகக் கொடுப்பார்கள். கடிதம் வந்ததும் நான் ஆள் அனுப்பிச் சொல்வேன். இணையம் வந்து, ஒவ்வொரு படிவமும் மின்னஞ்சல் விலாசம் கேட்கத் தொடங்கியபோது, அதே ஒழுங்கைத்தான் தொடர்ந்தேன். ஊருக்கெல்லாம் ஒரே மின்னஞ்சல், ஒரே கடவுச்சொல். அதைக்கூட நான் தட்டத் தேவையில்லை. பிரவுசரே ஞாபகம் வைத்திருந்தது. பெயர்ப் பெட்டியைத் தொட்டால் போதும், ஊர்ச்சனம் முழுவதும் வரிசையாக இறங்கி வரும். அதை நான் ஒரு வசதி என்றே நினைத்திருந்தேன்.

சித்திரை மாதக் கடைசியில் பாசிக்குடா நீலக்கரை ஹோட்டல் மனேஜர் உதயரூபன் ஓர் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க வந்தார். படித்த மனிதர், தானே தட்டுவதாகச் சொன்னார், கதிரையைக் கொடுத்தேன். பெயர்ப் பெட்டியைத் தொட்டதும் வரிசை இறங்கியது. மேலே முதலாவதாக நின்றது அவருடைய ஹோட்டல் சமையல்காரர் ரதீஸின் பெயர். கீழே, விண்ணப்பதாரரின் பதவி என்ற பெட்டியைத் தொட்டார். “தலைமைச் சமையல்காரர், மாலைதீவு” என்று வந்து நின்றது.

உதயரூபன் அதை இரண்டு தரம் வாசித்தார். தன் படிவத்தை முடித்து, நன்றி சொல்லிப் போய்விட்டார். அன்று பின்னேரம் ரதீஸ் வேலைக்குப் போனபோது அவருடைய ஏப்ரனை வேறொருவர் கட்டிக்கொண்டு நின்றாராம். மாலைதீவிலிருந்தும் யாரும் கூப்பிடவில்லை.

மறுநாள் ரதீஸ் கடைக்கு வந்தார். சண்டை பிடிப்பார் என்று நான் எழுந்து நின்றேன். அவர் வாங்கில் குந்தினார்.

“காக்கா, நான் சொன்னது உங்களுக்கு. உங்கட கம்பியூட்டருக்கு இல்லயே.”

அவ்வளவுதான். பிளேன்ரீ வரவழைத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் எனக்கு நித்திரையாவது வந்திருக்கும்.

பத்து நாள் கழித்து அதே ஹோட்டலில் ரிசப்சனில் நிற்கும் கம்சாயினி வந்தாள். கல்குடாப் பிள்ளை. வீட்டில் உழைப்பது அவள் ஒருத்திதான். திருகோணமலைப் பக்கம் புதிதாகத் திறக்கும் ஒரு ஹோட்டலுக்கு உதவி முகாமையாளராக விண்ணப்பிக்க வேண்டும் என்று, கடையில் யாரும் இல்லையா என்று மூன்று தரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“என்ட மெயில் ஹோட்டல் கம்பியூட்டர்ல திறந்தபடி கிடக்கு காக்கா, அதுல ஏலாது. இஞ்சதான் செய்யோணும். ஆனா மனேஜர் சேருக்குத் தெரிஞ்சா அண்டைக்கே வெளிய. அந்த வேலையும் இல்ல, இந்த வேலையும் இல்ல எண்டு ரதீஸண்ணன் மாதிரி நான் நிக்க ஏலாது.”

“தெரியவராது. நான் பொறுப்பு,” என்றேன். சொன்ன பிறகுதான் பொறுப்பு எப்படி எடுப்பது என்று யோசித்தேன்.

கணினிப் பாடம் படிப்பிக்கும் அம்னா டீச்சர் தவணைப் பரீட்சை வினாத்தாள் பிரதி எடுக்க எங்கள் கடைக்குத்தான் வருவார். வினாத்தாளை யாரும் பார்க்காதபடி தன் முதுகால் மெசினை மறைத்துக்கொண்டு நிற்பவர். இவர்தான் சரியான ஆள் என்று என் பிரவுசரைக் காட்டினேன். ஐந்து நிமிடம் தட்டித் தட்டிப் பார்த்தார். முகம் மாறிக்கொண்டே போனது.

“காக்கா, இதில நானூத்திப் பதினொரு ஆக்கள்ர அடையாள அட்டை நம்பர் கிடக்கு. என்டதும் கிடக்கு. இது கம்பியூட்டர் இல்ல, பிரதேச சபை.”

அவர் சொல்லச் சொல்ல ஒரு தாளில் இலக்கமிட்டு எழுதிக்கொண்டேன். பிரவுசரைப் புதுப்பிக்க வேண்டும். சேமித்த கடவுச்சொற்கள், பெயர்கள், விலாசங்கள் எல்லாவற்றையும் அழிக்க வேண்டும். இனிமேல் எதையும் ஞாபகம் வைக்காதே என்று அதற்குக் கட்டளையிட வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனித்தனி மின்னஞ்சல். ஒவ்வொருவரையும் தனிப்பட்ட ஜன்னல் ஒன்றில் கவனிக்க வேண்டும். அது கறுப்பாக வரும், மூடியதும் நடந்ததை மறந்துவிடும். கடவுச்சொல்லை எங்கும் எழுதி வைக்கக் கூடாது.

அந்தக் கடைசி விடயம் எனக்குக் கசந்தது. நான் எதையும் கொப்பியில் பதிவு செய்யாமல் விட்டவனல்ல. இருந்தாலும் ரதீஸின் முகத்தை நினைத்துக்கொண்டு, அத்தனை வருடக் குறிப்பும் இருந்த சீஆர் கொப்பியைக் கொண்டுபோய்ப் பாலத்தில் நின்று வாவிக்குள் போட்டேன். பின்னேரம் ஒரு தோணிக்காரர் அதை வெயிலில் காயவைத்துக் கொண்டுவந்து தந்தார். “காக்கா, உங்கட கொப்பி விழுந்து கிடந்த. நல்ல காலம், என்ட வலைக்குள்ள வந்திச்சி.” மை கரைந்து ஒன்றும் தெரியவில்லை. அவருக்கும் ஒரு பிளேன்ரீ கொடுத்தேன்.

தாளிலிருந்த எல்லாவற்றையும் ஒன்றொன்றாகச் செய்து முடித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே சரி போட்டேன். கறுப்பு ஜன்னல் திறந்ததும் பக்கீர் ஹாஜியார் மேசையை விட்டு எழும்பி வந்தார்.

“இப்றாஹிம், இது என்னடாப்பா கறுப்பா? இது கெட்ட படம் பாக்கிற பொடியன்மார் துறக்கிற ஜன்னல் எல்லோ? நான் பள்ளிவாசல் நிருவாகத்தில இரிக்கிறவன்.”

“மறைவா இரிக்கிறதுக்கு ஹாஜியார்.”

“மறைச்சிச் செய்ய நம்மட கடையில என்ன ஹறாமான வேலையா நடக்கு?”

வந்தவர்களும் அப்படித்தான். கறுப்பு ஜன்னலைப் பார்த்ததும் ஒருவர் தன் ஓய்வூதியப் படிவத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார். “என்ட அலுவல வெளிச்சத்துல செய்ங்க காக்கா. நான் களவெடுக்கல்ல.” இன்னொருவர், தான் மரியாதையான குடும்பம் என்பதை எனக்கு ஞாபகப்படுத்தினார்.

சரி, பின்னால் நிற்பவர்களிடமிருந்தாவது திரையை மறைப்போம் என்று ஒரு திரைச்சீலை கேட்டேன். ஹாஜியார் வீட்டிலிருந்து கொண்டுவந்தது ரோசா நிறம், பொன்பூப் போட்டது. அவருடைய மூத்த மகளின் கலியாண அறையில் தொங்கியது. அதைக் கட்டிய நாளில் ரீலோட் போட வந்தவர்கள்கூட உள்ளே எட்டிப் பார்த்து, மாப்பிள்ளை யார் என்று விசாரித்தார்கள்.

இந்த ஏற்பாடுகளின் நடுவேதான் கம்சாயினிக்குப் புதிய மின்னஞ்சல் திறந்தேன். வாங்கில் அன்று இரண்டு பெண்கள். ஒருவர் ஆயிஷா உம்மா. ஓட்டமாவடியிலும் ஏறாவூரிலும் கலியாணம் பேசி முடிப்பவர், மாப்பிள்ளைமாரின் விபரம் பிரதி எடுக்க வாரத்தில் மூன்று நாள் வருவார். இருநூறு குடும்பத்தின் வயதும் படிப்பும் வீடு வளவும் தலைக்குள் வைத்திருக்கும் பெண். மற்றவர் அவருடைய கூட்டாளி சித்தி நபீஸா. அவர் துணைக்கு வருவார், ஆயிஷா உம்மா சொல்வதை மறுப்பார்.

“கடவுச்சொல்லுக்கு ஒண்டோட ஒண்டு சம்பந்தமில்லாத நாலு சொல்லு வேணுமாம்,” என்று நான் திரைச்சீலைக்குள் குனிந்து, கம்சாயினிக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன்.

“முருங்கக்கா,” என்றது வெளியிலிருந்து ஆயிஷா உம்மாவின் குரல். அவருடைய பையிலிருந்து முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்தது.

“குட,” என்றார் சித்தி நபீஸா, கதவோரம் சாய்த்திருந்ததைப் பார்த்து.

வாழைச்சேனை ஸ்டேஷன் பக்கம் கோச்சி கூவியது. கம்சாயினி சிரித்துவிட்டாள். “கோச்சி,” என்றாள். கடைசியில் அன்றைய திகதி, பதினேழு.

நான் தட்டினேன். தட்டும்போது வாசித்தேன். என் தொழிலில் அது பழக்கம். எழுத வாசிக்கத் தெரியாத ஒருவருக்குக் கடிதம் எழுதும்போது, அவர் சொன்னதைத்தான் எழுதுகிறேன் என்பதற்கு வேறு அத்தாட்சி கிடையாது; ஆகவே ஒவ்வொரு சொல்லையும் உரத்துச் சொல்லித்தான் எழுதுவேன். அன்றும் அப்படியே, “முருங்கக்கா... குடை... கோச்சி... பதினேழு” என்று தெளிவாக வாசித்து, சரியா என்று கேட்டு, அவள் சரி என்ற பிறகு முடித்தேன். மறுபடி உறுதிப்படுத்தச் சொல்லிக் கேட்டது. மறுபடியும் வாசித்தேன். பிறகு, “இத ஒரு இடத்திலயும் எழுதி வைக்காதீங்க, ஆருக்கும் சொல்லாதீங்க,” என்று புத்தி சொன்னேன். தொலைந்தால் மீட்கத் தொலைபேசி இலக்கம் கேட்டது. அவளுடைய போன் ரிசப்சனில் சத்தமிடும் என்பதால் ஹாஜியாரின் இலக்கத்தைக் கொடுத்தேன். ஹோட்டல் படிவத்தை நிரப்பி அனுப்பினோம். ஜன்னலை மூடினேன். அது எல்லாவற்றையும் மறந்துவிட்டது. மனதுக்கு நிம்மதியாக இருந்தது.

ஆடியில் ஒரு வியாழக்கிழமை, பகல் இரண்டேகாலுக்கு, கம்சாயினி ஓடி வந்தாள். தெரிவாகிவிட்டாளாம். திருகோணமலைக்காரர்கள் பேசிவிட்டார்கள். மின்னஞ்சலில் ஓர் இணைப்பு வந்திருக்கும், அதைத் திறந்து மூன்று மணிக்கு முன் சம்மதம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். சாப்பாட்டு நேரத்தில் சொல்லாமல் கிளம்பியிருந்தாள். ஆள் பக்கத்தில்தான் இருக்கிறாள் என்று தோன்றட்டும் என்று போனை ரிசப்சன் மேசை லாச்சிக்குள்ளேயே வைத்துவிட்டு வந்திருந்தாள்.

திரைச்சீலையை இழுத்தேன். கறுப்பு ஜன்னலைத் திறந்தேன். கடவுச்சொல் கேட்டது.

“சொல்லுங்க,” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். “நீங்க சொல்லுங்க காக்கா.”

“எழுதி வைக்கப்படாது எண்டு நான் எழுதல்ல.”

“எழுதி வைக்கப்படாது எண்டு நானும் எழுதல்ல. ரெண்டு மாசமாச்சி. முருங்கக்கா எண்டு ஒண்டு... பிறகு என்னவோ...”

இருபத்தாறு வருடத்தில் நான் குறித்து வைக்காத ஒரே விடயம். மீட்கும் வழியை அழுத்தினேன். ஹாஜியாரின் தொலைபேசிக்குச் செய்தி போய்விட்டது என்றது. ஹாஜியார் உன்னிச்சையில் தன் வட்டையில் அறுவடை பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே வரம்பில் ஓர் இடத்தில் மட்டும்தான் சிக்னல் வரும், அந்த இடத்தில் அவர் நிற்கவில்லை. ஐந்து தரம் எடுத்தேன். இரண்டு முப்பத்தைந்து.

வாங்கிலிருந்து செருமல் கேட்டது. ஆயிஷா உம்மாவும் சித்தி நபீஸாவும் ஒரு பொறியியலாளர் மாப்பிள்ளையோடு காத்திருந்தார்கள், அதாவது அவருடைய படத்தோடு.

“கடவுச்சொல்லுத்தானே?” என்றார் ஆயிஷா உம்மா. “எனக்குத் தெரியுமே.”

நான் திரைச்சீலையை விலக்குவதற்குள் கடைவாசலில் வேன் ஒன்று நின்றது. உதயரூபன் இறங்கி வந்தார். கையில் ஒரு பென்டிரைவ்.

“காக்கா, ஹோட்டல் பிரின்டர் படுத்திட்டு. மெனு கார்ட் இருவது அடிச்சித் தாங்க. மூண்டரைக்கு ஒரு பஸ் நிறைய ஆக்கள் வாறாங்க. ரிசப்சன் புள்ளயையும் காணல்ல, நானே வந்திட்டன்.” பென்டிரைவைத் திரைச்சீலைக்கு மேலால் நீட்டி, நான் அதை அச்சுக்குப் போட்டதும் வாங்கில் அமர்ந்தார். “உள்ளுக்கு ஆர்?”

“என்ட மருமகள்,” என்றார் ஆயிஷா உம்மா, கண்ணை இமைக்காமல். “அவக்கு வெக்கம்.”

திரைச்சீலைக்குள் கம்சாயினி மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். ஒரு சாண் துணிக்கு அந்தப் பக்கம் அவளுடைய மனேஜரின் முழங்கால்.

ஆயிஷா உம்மா தொண்டையைச் சரிசெய்தார். “மகள், வீட்ட போகக்குள்ள சாமான் வாங்க மறந்திராத. முதல் முருங்கக்கா. பிறகு கோச்சி.”

“இல்லகா,” என்றார் சித்தி நபீஸா. “குடதான் ரெண்டாவது. கோச்சி பிறகுதான்.”

“எனக்கா சொல்லிக்குடுக்கிறாய்? கோச்சி கூவினாப்போலதானே நீ குடயப் பாத்த.”

“நான் குடயச் சொன்னாப்போலதான் கோச்சியே கூவின!”

உதயரூபன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “ராத்தா, முருங்கக்கா வாங்கப் போறதுக்கு என்னத்துக்குக் கோச்சி?”

“குடயும் வேணும் தம்பி,” என்றார் சித்தி நபீஸா.

நான் முதலில் ஆயிஷா உம்மாவின் ஒழுங்கில் தட்டினேன். பிழை என்றது. சித்தி நபீஸாவின் ஒழுங்கில் தட்டினேன். அதுவும் பிழை. இன்னும் ஒரு தரம் பிழைத்தால் நாளைக்குத்தான் என்றது திரை. இரண்டு நாற்பத்தாறு.

“எத்தன வேணும் எண்டு சொல்லல்லயே!” என்று நான் உள்ளேயிருந்து கத்தினேன்.

“பதினேழு!” என்றார்கள் இரண்டு பேரும். அவர்கள் ஒத்துப்போனதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

“பதினேழு முருங்கக்காயா?” என்றார் உதயரூபன். “கலியாண வீடா?”

சித்தி நபீஸாவின் ஒழுங்கும் பதினேழும் பலித்தன. மின்னஞ்சல் திறந்தது, இணைப்பும் திறந்தது. கம்சாயினியின் பெயர், பதவி, செப்டெம்பர் முதலாம் திகதி தொடக்கம் என்ற அறிவிப்பு, கீழே சில பெட்டிகள். அவள் கண் கலங்கி, கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெட்டிகளை நிரப்பிக்கொண்டே இறங்கினேன். கடைசிப் பெட்டி வந்தது. தற்போதைய மேலதிகாரியின் முழுப்பெயர், முதலெழுத்துடன். கைத்தொலைபேசி இலக்கம்.

அவளைப் பார்த்தேன். தலையை ஆட்டினாள், தெரியாது என்று. அவளுக்கு அவர் எப்போதும் உதயரூபன் சேர்தான். இலக்கம் போனில், போன் லாச்சியில். இரண்டு ஐம்பத்திரண்டு.

இங்கே என் கடையின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கிராம அலுவலர் பிரிவு இலக்கமோ, பாடசாலை அதிபரின் பெயரோ, எந்த வெற்றிடம் வந்தாலும் நான் வாங்கைக் கேட்பேன். வாங்குக்குத் தெரியாதது கிடையாது. அன்று நேரமோ பறக்கிறது. யோசித்திருந்தால் கேட்டிருக்க மாட்டேன்.

“நீலக்கரை ஹோட்டல் மனேஜர்ர முதலெழுத்து என்ன?” என்று திரைச்சீலைக்குள்ளிருந்து உரத்துக் கேட்டேன். “போன் நம்பரும் வேணும்.”

“க,” என்றது உதயரூபனின் குரல். “கனகசிங்கம் உதயரூபன். நம்பர எழுதுங்க.” பத்து இலக்கத்தையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நானும் நிறுத்தி நிறுத்தி வாசித்துத் தட்டி, கீழேயிருந்த பொத்தானையும் அழுத்தினேன்.

அதற்குப் பிறகுதான் அது யாருடைய குரல் என்று எனக்கு உறைத்தது.

“ஏன் கேக்கிறீங்க?” என்றார் உதயரூபன்.

அவருடைய போன் கிணுங்கியது. எடுத்து வாசித்தார். அவரும் சத்தமாகத்தான் வாசித்தார். அந்த வாங்கில் குந்துபவர்களுக்கு அது தொற்றிவிடும். “செல்வி கம்சாயினி உங்களைத் தமது மேலதிகாரியாகக் குறிப்பிட்டுள்ளார். உங்களுக்குச் சம்மதமாயின் பின்வரும் ஆறு இலக்கங்களை அவரிடம்...”

என் திரையிலும் அதே செய்தி. ஆறு வெற்றுப் பெட்டிகள். நான் அழித்தவை, மூடியவை, மறைத்தவை எல்லாம் ஒரு பக்கம். கடைசியில் அந்தப் படிவமே நேரே போய் அவரிடம் சொல்லிவிட்டது.

கம்சாயினி திரைச்சீலையை விலக்கி வெளியே வந்தாள்.

“சேர்.”

உதயரூபன் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “இதுதான் வெக்கப்பட்ட மருமகளா?”

“சேர், மூண்டு மணிக்கு முடியுது. அந்த நம்பரத் தாங்க.”

“தராட்டி?”

 சுவர் மணிக்கூடு ஐம்பத்துநான்கைக் காட்டியது.

“எனக்கிட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்,” என்றார் அவர். கோபத்தைவிட வருத்தம்தான் கூடுதலாகத் தெரிந்தது. “மூண்டு வருஷம் வேல பழக்கினன்.”

“ரதீஸண்ணன் சொன்னவரா? சொல்லாமலே அவர்ட ஏப்ரன வேற ஆளுக்குக் குடுத்தீங்க.”

“அவன் போனதில இருந்து நான் படுற பாடு உனக்குத் தெரியாதா? ‘கடல் அழகு, கறி கவலை’ எண்டு ஒருத்தன் இன்டர்நெட்டில எழுதிக் கிடக்கான். இனி நீயும் போனா சீசன் நேரம் ரிசப்சன்ல நானா நிக்கிற?”

ஆயிஷா உம்மா எழுந்து இருவருக்கும் நடுவில் போய் நின்றார். பொறியியலாளரின் படத்தை விசிறியாக வைத்து விசிறிக்கொண்டார். இருநூறு கலியாணத்தில் கடைசி நேரத்துப் பிணக்குத் தீர்த்தவருக்கு இது புதிதல்ல.

“சரி. பேசி முடிப்பம். தம்பி, உங்கட பக்கம் கேக்கிறது என்ன?”

“ஆகஸ்ட் முடியும்வரைக்கும் இவ நிக்கோணும். வாற ஆளுக்கு வேல பழக்கோணும்.”

“புள்ள?”

“நிக்கிறன். அங்க செப்டெம்பர் முதலாந் திகதிதான். ஆனா ஒண்டு. ரதீஸண்ணன திரும்ப எடுக்கோணும்.”

“அது எப்படி? அவன் களவா மாலைதீவுக்கு அப்ளிகேஷன் போட்டவன்!”

“நானும் களவாத்தானே போட்டன். எனக்கு நம்பர் தரப்போறீங்க.”

“நான் இன்னும் தாறன் எண்டு சொல்லல்ல!”

“அம்பத்தேழு,” என்றேன் நான்.

“தம்பி,” என்றார் ஆயிஷா உம்மா, குரலைத் தாழ்த்தி, “ஆள் போற எண்டு தெரிஞ்சிட்டு. போற ஆளக் கையில புடிச்சி வெச்சி ரிசப்சன்ல நிப்பாட்டினா, வாற ஆக்களுக்கு அவட முகம் எப்படி இரிக்கும்? சந்தோசமா நிக்கிற ஒரு மாசமா, மூஞ்சியத் தூக்கி வெச்ச ஒரு வருஷமா? உங்களுக்கு எது லாபம்? மீன்கறியும் சேத்துத்தான் கேக்கன்.”

உதயரூபன் மணிக்கூட்டைப் பார்த்தார். பிரின்டரில் பாதி வெளியே வந்து நின்ற மெனு கார்டைப் பார்த்தார். அதில் மேலே பெரிய எழுத்தில் மீன்கறி என்றிருந்தது.

“ரதீஸ் வருவானா?”

“கேட்டுப் பாக்கிற,” என்றேன்.

“நாலு,” என்றார் உதயரூபன், போனைப் பார்த்து.

நான் கதிரைக்குப் பாய்ந்தேன். “நாலு.”

“ஒண்டு.”

“ஒண்டு,” என்றார்கள் வாங்கிலிருந்தும். ஒன்பது, சைபர், ஏழு, மூன்று. ஒவ்வொரு இலக்கத்தையும் ஐந்து பேர் சொன்னோம். ரீலோட் போட வந்து முன்னால் நின்ற ஒருவரும் சேர்ந்துகொண்டார், எதற்கென்று தெரியாமல். திரையில் சக்கரம் ஒன்று சுற்றியது. வாழ்த்துகள் என்றது. இரண்டு ஐம்பத்தொன்பது.

கம்சாயினி வாங்கில் இருந்து அழுதாள். சித்தி நபீஸா அவளுடைய முதுகைத் தடவினார். உதயரூபன் ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தார்.

“அழுது முடிஞ்சா ஏறு வேன்ல. மூண்டரைக்கு பஸ் வரும்.” வாசலில் நின்று திரும்பினார். “காக்கா, ரதீஸ்ட நம்பரத் தாங்க. நானே பேசறன்.”

ரதீஸின் இலக்கம் பிரவுசரில் இருந்தது. பிரவுசரை நான் அழித்திருந்தேன். கொப்பியிலும் இருந்தது. கொப்பியை வாவி அழித்திருந்தது.

“நானே போய்ச் சொல்றன்,” என்றேன்.

கடையை ஆயிஷா உம்மாவின் பொறுப்பில் விட்டுவிட்டு சைக்கிளை எடுத்தேன். ரதீஸ் வாழைச்சேனை ஸ்டேஷனுக்கு முன்னால் ஒரு கடையில் கொத்து ரொட்டி போட்டுக்கொண்டிருந்தார். பின்னேரக் கோச்சிக்கு வந்த சனம் கடையைச் சுற்றி நின்றது. இரண்டு தகடும் தட்டுகிற சத்தத்தில் நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. இன்னும் உரத்துச் சொன்னேன். அப்போதும் கேட்கவில்லை. மூன்றாம் தரம் உள்ள பலமெல்லாம் சேர்த்துச் சொன்னேன்.

“உதயரூபன் உங்களத் திரும்ப வரட்டாம்! ஹோட்டலுக்கு!”

தகடுகள் நின்றன. ரதீஸ் என் பக்கம் திரும்பினார்.

“அந்தாள் வாயால சொன்னதா, இல்லாட்டி உங்கட கம்பியூட்டர் சொன்னதா?”

“வாயால. எனக்கு முன்னுக்கு. நாலு பேர் சாட்சி.”

தகட்டின் விளிம்பில் ஒட்டியிருந்த ரொட்டியை மெதுவாகச் சுரண்டினார். நான் நெற்றி வியர்வையைத் துடைத்தேன்.

“நான் அண்டைக்கு உங்களில கோபப்படல்ல காக்கா,” என்றார். “கோபப்பட்டிருக்கோணும்.”

“ஓம்,” என்றேன்.

 பிறகு என் பக்கம் குனிந்து, முதலாளியின் முதுகைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“திங்கக்கிழம வாறன் எண்டு சொல்லுங்க. இந்தக் கட முதலாளிக்கு இன்னும் தெரியா. ஒரு ஆளுக்கும் சொல்லிப்போடாதீங்க.”

“திங்கக்கிழம. என்ட வாயில இருந்து ஒரு சொல்லு வராது,” என்றேன், அதே உரத்த குரலில்.

எனக்குப் பின்னால் கொத்துக்குக் காத்து நின்றவர்களில் ஒருவர் என்னைத் தாண்டிக் கையை நீட்டி ரதீஸின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இன்னொருவர் கல்லாப் பக்கம் திரும்பி, “முதலாளி, திங்கக்கிழம தொடக்கம் கொத்துக்கு ஆர்?” என்று கேட்டார்.